செங்கீரை முதல் அம்புலி வரை: குழந்தையின் முதல் கல்வி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை வேளையில், புறநோயாளர் பிரிவில் ஓர் இளம் தாய் என் மேசைமீது நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்தார். எட்டு வாரம் முன்னதாக, 32-ஆம் வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை அவருடையது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து வாரம் இருந்து, நலமாக வீடு திரும்பியவன். வீட்டுக்கு அனுப்பும்போது நானே ஒரு தாளில் பயிற்சிகளை வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தேன். குப்புறப் படுக்க வைத்தல், நாளுக்கு நான்கு முறை. கறுப்பு வெள்ளைப் படம் காட்டுதல், ஐந்து நிமிடம். இரு கைகளையும் நடுவில் சேர்த்தல், பத்து முறை. கிலுகிலுப்பை, இருபுறமும் பத்து முறை.

அந்தத் தாய் ஒரு வேளையைக்கூடத் தவறவிடவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே நேரமும் எண்ணிக்கையும் குறித்துச் சரிக் குறி இட்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் மட்டும், பக்கத்துக்குப் பக்கம், ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: "அழுதான்." "வண்ணப் பாயை விரிக்கிறதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறான் டாக்டர். நான் எங்கே தப்புப் பண்றேன்?" என்று கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து நாற்காலியில் இருந்த பாட்டி பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு பாட்டை மெல்லிய குரலில் முணுமுணுத்தார். அவனுடைய இரு கைகளையும் பிடித்துச் சேர்த்துத் தட்டுவார். பிறகு நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். குழந்தை பாட்டியின் வாயையே உற்று நோக்கினான். சற்று நேரம் சென்றபின், தானாகவே இரு கைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்தான். பாட்டி சிரித்தார். அவனும் ஓசையோடு சிரித்தான். நான் எழுதிக் கொடுத்த தாளின் மூன்றாவது வரி இதுதான். தாளில் பயிற்சி இருந்தது, பாட்டி இல்லை.

தவறு அந்தத் தாயினுடையது அன்று, என்னுடையது. அன்றைக்குப் பிறகு அத்தகைய தாளை நான் எவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அதற்குப் பதிலாகப் பெற்றோரிடம் நேரில் சொல்லும் செய்திகளைத்தான் இந்தக் கட்டுரையில் தொகுத்திருக்கிறேன். சுருங்கச் சொன்னால் செய்தி ஒன்றே: குழந்தை மகிழ்ந்திருக்கும் நேரமே குழந்தை கற்கும் நேரம். மகிழ்ச்சியைப் பாடத்துக்குப் பிறகு தரும் பரிசாக எண்ண வேண்டாம்.

குழந்தை யாரிடம் கற்கிறது?

பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளை எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்கும். முதல் ஆண்டிலேயே அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகள் இந்தக் காலத்தில் மிக வேகமாக உருவாகின்றன. அடிக்கடி பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பயன்படாதவை மெல்ல உதிர்ந்துவிடுகின்றன. எது அடிக்கடி பயன்படும் என்பதைத் தீர்மானிப்பது, குழந்தையைச் சுற்றி இருப்பவர்களின் பேச்சும் தொடுகையும் முகமுமே.

இதற்குச் சான்றாக மூன்று ஆய்வுகளைக் குறிப்பிடலாம். 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளுக்கு ஒரு சூப்பானைக் கொடுத்தனர். சப்பும் விதத்தை மாற்றினால் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும் வகையில் அதை அமைத்திருந்தனர். குழந்தைகள் தம் தாயின் குரல் கேட்கும் வகையில் சப்பும் முறையை மாற்றிக்கொண்டன. பிறந்த சில நாளிலேயே, தான் விரும்புவதைப் பெறுவதற்காகக் குழந்தை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது, 1970-களில் எட்வர்ட் டிரானிக் என்பவர் செய்த ஆய்வு. சில மாதமே ஆன குழந்தையோடு தாய் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு சில நிமிடங்கள் எந்த உணர்ச்சியும் காட்டாமல், அசையாத முகத்தோடு குழந்தையைப் பார்ப்பார். குழந்தை முதலில் புன்னகை செய்து தாயை அழைக்கும், கையை நீட்டும், ஒலி எழுப்பும். மறுமொழி கிடைக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சோர்ந்துபோகும். நம் முகத்தில் எழும் மறுமொழிக்காகக் குழந்தை எவ்வளவு ஏங்குகிறது என்பதை இந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது.

மூன்றாவது, 2003-இல் பட்ரீஷியா குல் குழுவினர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வெளியிட்டது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, 12 அமர்வுகளில் விளையாடியும் படித்துக் காட்டியும் பழகினர். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பொருள்கள், அதே பேச்சு ஆகியவற்றை ஒளிப்பதிவாகத் திரையில் பார்த்த குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. குழந்தை மொழியைப் பெறுவது, தன்னைப் பார்த்துப் பேசும் ஓர் உயிருள்ள மனிதரிடமிருந்தே.

நம் முன்னோர் வகுத்த பருவங்கள்

இவற்றை எல்லாம் படித்த பிறகு, பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. அது பிள்ளைத்தமிழ். கடவுளரையும் அரசரையும் குழந்தையாகப் பாவித்துப் பாடும் இந்தச் சிற்றிலக்கிய வகை, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவானவை. மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தாம் மாதத்தில் செங்கீரை என, ஒரு மாதம் விட்டு ஒரு மாதமாக இவற்றை வைப்பது பொது வழக்கு. நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டு.

பிள்ளைத்தமிழ் ஒரு மருத்துவ நூல் அன்று. அந்த மாதக் கணக்கை அளவுகோலாகக் கொள்ளவும் கூடாது. ஆயினும் ஒரு செய்தி என்னை வியக்க வைக்கிறது. இந்தப் பருவங்களுக்கு அடையாளமாகப் புலவர்கள் எடுத்துக்கொண்டவை எல்லாம் குழந்தையும் பெரியவரும் சேர்ந்து செய்யும் விளையாட்டுகளே. கை கொட்டச் சொல்வது, முத்தம் கேட்பது, வரச் சொல்லி அழைப்பது, நிலவைக் காட்டுவது என ஒவ்வொன்றிலும் அழைக்க ஒருவரும் மறுமொழி தர ஒரு குழந்தையும் இருக்கின்றனர். எனவே அதே வரிசையில் செல்வோம்.

காப்பு: முதல் மூன்று மாதங்கள்

பிறந்த குழந்தையின் பார்வை 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில்தான் ஓரளவு தெளிவாக இருக்கும். மடியில் கிடந்து பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தொலைவு அதுதான். ஆகவே இந்தப் பருவத்தில் குழந்தைக்கு வாய்த்த மிகச் சிறந்த விளையாட்டுப் பொருள் உங்கள் முகம். பால் கொடுக்கும்போது, உடை மாற்றும்போது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நாக்கை நீட்டிக் காட்டுங்கள்; வாயை அகலத் திறந்து காட்டுங்கள்; பிறகு பொறுத்திருங்கள். குழந்தை மறுமொழி தர நேரம் எடுத்துக்கொள்ளும்.

குழந்தை "போதும்" என்று சொல்வதற்கும் வழி வைத்திருக்கிறது. முகத்தைத் திருப்புதல், கொட்டாவி, விக்கல், விரல்களை விரித்து விறைத்தல், சிணுங்கல் ஆகியவை அதன் மொழி. அப்போது விளையாட்டை நிறுத்திவிட்டு அணைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டுப் புத்தகத் தாயின் குழந்தை நாள்தோறும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எழுதிய எண்ணிக்கை அதைக் கேட்கவிடவில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். குழந்தையின் வயதைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடுங்கள். இதைத் "திருத்திய வயது" என்கிறோம். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம் என்றால், வளர்ச்சியைப் பொறுத்தவரை அதற்கு வயது ஏறத்தாழ நான்கு மாதமே. இரண்டு வயதுவரை இந்தக் கணக்கையே கொள்கிறோம். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்தும் பல தாய்மார்களின் கவலை இந்த ஒரு கணக்கிலேயே பெருமளவு தீர்ந்துவிடும்.

செங்கீரை: நிலத்தில் கையூன்றி நிமிர்தல்

கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடும் நிலையைச் செங்கீரை என்பர். இந்த நிமிர்வுக்கு வேண்டிய கழுத்து, தோள், முதுகுத் தசைகள் குப்புறக் கிடந்து விளையாடும்போதே உரம் பெறுகின்றன. இன்னும் தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும் வேளையில், ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடந்து விளையாட வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஒரே மூச்சில் அன்று. இரண்டு மூன்று நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

குழந்தை அழுதால், பாயை விட்டுவிட்டு உங்கள் மார்பைப் பாயாக்குங்கள். நீங்கள் சாய்ந்து படுத்து, குழந்தையை மார்பின்மேல் குப்புறக் கிடத்திப் பேசுங்கள். உங்கள் முகத்தைக் காணவே அது தலையைத் தூக்கும். தந்தையரும் தாத்தாமாரும் இந்த விளையாட்டை எளிதாகச் செய்யலாம். சற்று வளர்ந்த பிறகு, நீங்களும் தரையில் எதிரே குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் குழந்தையை நெடுநேரம் தூளியிலேயே விட்டுவைப்பது இந்த வாய்ப்பைக் குறைத்துவிடும். ஆனால் உறங்கும்போது எப்போதும் மல்லாக்கவே படுக்க வைக்க வேண்டும். குப்புறக் கிடப்பது விழித்திருக்கும்போது, அதுவும் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே.

தால்: நாவின் விளையாட்டு

தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்று பெயர் வந்தது என்பர். ஆறு, ஏழு மாதங்களில் குழந்தை "பாபா", "தாதா", "மாமா" என ஒலிகளை அடுக்கத் தொடங்கும். இவை இன்னும் பொருளுள்ள சொற்கள் அல்ல. ஆனால் உரையாடலின் இலக்கணம் இங்கேதான் தொடங்குகிறது. குழந்தை ஓர் ஒலி எழுப்பினால், அதையே திருப்பிச் சொல்லுங்கள். பிறகு பேசாமல் காத்திருங்கள். அது மீண்டும் ஒலி எழுப்பும். "நீ சொல், நான் கேட்கிறேன், நான் சொல்கிறேன், நீ கேள்" என்ற இந்த முறை மாற்றமே பேச்சின் அடித்தளம்.

எந்த மொழியில் பேசுவது என்று பலர் கேட்கின்றனர். உங்களுக்குச் சரளமாகவும் உணர்வோடும் வரும் மொழியில் பேசுங்கள். ஆங்கிலம் பிறகு வரும். வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கினால் அதனால் குழந்தைக்குத் தீங்கில்லை. குரல் நன்றாக இல்லையே என்று பாடத் தயங்கவும் வேண்டாம். உங்கள் குரலைவிட இனிய குரல் எதையும் உங்கள் குழந்தை அறியாது.

இந்த விளையாட்டுக்குச் செவி வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு மாதத்துக்குள் கேட்கும் திறன் பரிசோதனை, ஐயம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பதே நாங்கள் பின்பற்றும் நெறி. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு இது மேலும் இன்றியமையாதது. பரிசோதனை செய்யவில்லை என்றால், அடுத்த தடுப்பூசி நாளிலேயே கேளுங்கள்.

சப்பாணி: கை கொட்டுதல்

ஒன்பது மாதத்தை ஒட்டி, துணையின்றி அமர்ந்து, இரு கைகளும் விடுதலை பெற்ற குழந்தை கை கொட்டத் தொடங்கும். அமர்ந்தபடி கை கொட்டும் இந்தப் பருவமே சப்பாணி. நீங்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்வது இப்போது அதற்குப் பெருங்களிப்பு. முந்தானையால் முகத்தை மறைத்துத் திறந்து காட்டும் விளையாட்டுக்கு அது குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்ற பேருண்மையை அது அப்போது கற்றுக்கொள்கிறது.

விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. எவர்சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, மூடி போட்ட டப்பா, சுத்தமான துணிப்பந்து ஆகியவை போதும். போடுவது, எடுப்பது, தட்டுவது, திறப்பது எல்லாமே ஆய்வுதான். கரண்டியைப் பத்துமுறை கீழே போட்டால் அது குறும்பும் அன்று, பிடிவாதமும் அன்று. பத்தாம் முறையும் அது விழுமா என்று பார்க்கிறது. ஆனால் குழந்தையின் வாய்க்குள் முழுதாக நுழையக்கூடிய எந்தப் பொருளும் எட்டும் தொலைவில் இருக்கக் கூடாது. நாணயம், மணி, புளியங்கொட்டை, நிலக்கடலை ஆகியவை மூச்சுக்குழலை அடைத்துவிடலாம். பொம்மைகளிலும் ரிமோட்டிலும் உள்ள பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்துபோகும். அப்படி ஐயம் எழுந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

முத்தம்: கேட்டலும் கொடுத்தலும்

பதினோராம் மாதம் முத்தப் பருவம். "அம்மாவுக்கு ஒரு முத்தம்" என்று கன்னத்தைக் காட்டினால் எச்சில் வாயோடு வந்து ஒட்டிக்கொள்ளும் குழந்தை, சொல்லைப் புரிந்துகொண்டது, கேட்டவரை அறிந்துகொண்டது, தன்னிடம் இருப்பதைக் கொடுக்கவும் கற்றுக்கொண்டது. "இந்தா", "கொடு", "டாட்டா", "அப்பா எங்கே?" போன்ற சிறு விளையாட்டுகள் இந்த வயதுக்கு ஏற்றவை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதும் இந்த வயதுக்குள் நிலைபெற்றிருக்க வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: கேட்பது நம் உரிமை, கொடுப்பது அதன் விருப்பம். குழந்தை மறுத்தால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுங்கள்.

வருகை: அழைத்தால் வரும் பருவம்

சில அடிகள் தள்ளி அமர்ந்து கைகளை விரித்து "வா" என்று அழைப்பதே வருகைப் பருவத்தின் விளையாட்டு. நடை வரும் காலம் குழந்தைக்குக் குழந்தை பெரிதும் வேறுபடும். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வை உலக நலவாழ்வு நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. நலமான குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை பரந்து கிடந்தது. தவழாமலே நடந்த குழந்தைகளும் சிலர் உண்டு. ஆகவே பத்து மாதத்தில் நடந்த குழந்தை மேதையும் அன்று. பதினைந்து மாதத்தில் நடக்கும் குழந்தை மந்தமும் அன்று.

சக்கரம் வைத்த வாக்கரில் குழந்தையை உட்கார வைப்பது நடையை விரைவுபடுத்தாது. மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகளை நாங்கள் பார்க்கிறோம். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. அதைவிட, எதையாவது பிடித்து எழுந்து நிற்கப் பழகிய குழந்தைக்கு நம் ஊர் மர நடைவண்டி சிறந்தது. அதில் குழந்தை தன் கால்களிலேயே நிற்கிறது. வண்டியைத் தானே தள்ளுகிறது. அப்போதும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

அம்புலி: விரல் காட்டும் நிலவு

ஏழாவது அம்புலிப் பருவம். குழந்தையை இடுப்பில் வைத்து, வானத்தைக் காட்டி, தன்னோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் பருவம் இது. ஒரு வளர்ச்சி மருத்துவர் பிள்ளைத்தமிழில் வியந்து நிற்கும் இடமும் இதுவே. நீங்கள் விரல் நீட்டிய திசையில் குழந்தை பார்க்கிறது. பிறகு தானே ஆள்காட்டி விரலை நீட்டி நிலவைக் காட்டிவிட்டு, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. "நான் காண்பதை நீயும் காண்" என்னும் இந்த எண்ணப் பகிர்வின்மேல்தான் மொழியும் நட்பும் பின்னாளைய பள்ளிப் படிப்பும் எழுகின்றன.

அண்மையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை அழைத்து வந்திருந்தனர். கைப்பேசித் திரையை விரலால் தள்ளி வேண்டிய காணொளியைத் தேடி எடுப்பாள். ஆங்கில எழுத்துகளைச் சொல்வாள். குடும்பத்தார் பெருமையோடு அதைச் செய்து காட்டச் சொன்னார்கள். நான் பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. சன்னலுக்கு வெளியே அணிலைக் காட்டினேன், பார்க்கவில்லை. தனக்கு வேண்டியதைச் சுட்டிக் காட்டும் பழக்கமும் இல்லை என்று தாய் சொன்னார். எழுத்துகள் தெரிந்திருந்ததால் எவரும் ஐயப்படவில்லை. அவளுக்கு விரிவான மதிப்பீடு செய்து, சிகிச்சையைத் தொடங்கினோம். இந்நிலைக்குக் கைப்பேசிதான் காரணம் என்றோ, பெற்றோர் தவறு செய்தனர் என்றோ நான் சொல்லவில்லை. எழுத்தறிவைக் கொண்டு வளர்ச்சியை அளந்ததால் அறிகுறி கண்ணில் படாமல் போனது என்பதையே சொல்கிறேன். இப்போது தெருநாயைக் கண்டால் விரல் நீட்டித் தாயின் முகத்தைப் பார்க்கிறாள். அந்த ஒரு விரலுக்காகக் குடும்பமே பல மாதம் உழைத்தது.

இரண்டு வயது நிறையும்வரை திரை வேண்டாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் கூறும் அறிவுரை. வெளியூரில் இருக்கும் அப்பாவோடோ தாத்தாவோடோ எப்போதாவது காணொளி அழைப்பில் பேசுவதற்குத் தடையில்லை. சோறூட்டும்போது கைப்பேசியைக் காட்டும் வழக்கம் பல வீடுகளில் வேரூன்றிவிட்டது. அதை ஒரே நாளில் நிறுத்த இயலாது. ஒரு வேளை உணவில் தொடங்குங்கள். வாசலில், மொட்டை மாடியில், காக்கையையும் நிலவையும் காட்டி ஊட்டிப் பாருங்கள். முதல் சில நாள் குறைவாக உண்ணும், பிறகு சரியாகிவிடும்.

எளிய வீட்டிலும் இது இயலும்

வசதி உள்ளவர்களுக்கே இதெல்லாம் என்று எண்ண வேண்டாம். 1980-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளிடம் சாலி கிரந்தம்-மெக்கிரெகர் குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, இரண்டு ஆண்டுகள், வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் சென்று, வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு குழந்தையோடு விளையாடத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் வருவாய், இவ்வுதவியைப் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பொம்மைகள் எளியவை. தாயோடு விளையாடிய நேரமே பலன் தந்தது.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைக்கும் விளையாட்டு வேண்டும். கையில் ஊசி இருந்தாலும் மறு கையால் கிண்ணத்தைத் தட்டலாம். பாட்டுக்கு எந்தக் குழாயும் தடையில்லை. எந்த அளவுக்குத் தூக்கலாம், அசைக்கலாம் என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு சில தாய்மார்களுக்குச் சிரிக்கவே தோன்றாது. உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, குழந்தைமீது பற்றின்மை, தான் நல்ல தாய் இல்லை என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இது நோய், குறை அன்று. சிகிச்சையால் நலமாகும். குழந்தைக்காகப் பார்க்க வரும் நாளில் உங்களைப் பற்றியும் எங்களிடம் சொல்லுங்கள். வீட்டார் அவருக்கு அறிவுரை கூறுவதை விட்டு, அவர் சற்று உறங்கும்படி குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திராமல் குழந்தையை அழைத்து வாருங்கள். குறைமாதக் குழந்தைகளுக்குத் திருத்திய வயதைக் கொள்க.

• எந்த வயதிலும் பெரிய ஓசைக்கு அதிர்வோ அசைவோ இல்லாமை
• 3 மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காமை
• 5 மாதம் ஆகியும் கழுத்து நிற்காமை
• 9 மாதம் ஆகியும் துணையின்றி உட்காராமை
• 12 மாதத்தில் ஒலிகளை அடுக்கிப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை
• ஒரு வயதுக்குள்ளாகவே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல்
• 18 மாதம் ஆகியும் நடக்காமை, விரலால் சுட்டிக் காட்டாமை
• எந்த வயதிலும், கற்றுக்கொண்ட ஒன்றை இழத்தல்

இவற்றுள் ஒன்று இருப்பதாலேயே நோய் உண்டு என்று பொருளில்லை. பார்க்க வேண்டும் என்றே பொருள். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அங்கே கட்டணமின்றி மதிப்பீடும் பயிற்சியும் பெறலாம்.

அந்த நோட்டுப் புத்தகத் தாய்க்கு அன்று நான் சொன்னது இவ்வளவே: "நோட்டை மூடி வையுங்கள், அம்மா. நாளைக்கு மூன்று முறை அவனைச் சிரிக்க வையுங்கள். எப்படிச் சிரித்தான் என்பதை மட்டும் அடுத்த முறை வந்து சொல்லுங்கள்." ஒரு மாதம் கழித்து வந்தார். நோட்டைக் கொண்டுவரவில்லை. நாற்காலியில் அமர்வதற்கு முன்பே, தும்மினால் அவன் எப்படிச் சிரிக்கிறான் என்று பொய்த் தும்மல் போட்டுக் காட்டினார். குழந்தை சிரித்தான், பாட்டி சிரித்தார், அறைக்கு வெளியே காத்திருந்தவர்களும் எட்டிப் பார்த்தனர். அவனைக் குப்புறக் கிடத்தினேன். தலையை நன்றாக உயர்த்தி, அம்மா இன்னொரு முறை தும்முவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.